ஸ்டோரிவீவர்: ஐந்தாம் வகுப்பு வரை தாராளமாக, அதற்கு மேல் பணம் எடுத்து வையுங்கள்

பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யாராவது ஸ்டோரிவீவர் தளத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், என் பதில் வகுப்பைப் பொறுத்தது. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் யோசிக்கவே வேண்டாம். தமிழில் இத்தனை படக்கதைகள் இலவசமாக, சட்டப்படி, அச்செடுக்கும் உரிமையோடு கிடைக்கிற இன்னொரு இடத்தை நான் பார்க்கவில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது போதாது. அவர்களுக்குத் தமிழில் இன்று எழுதிக்கொண்டிருக்கிற எழுத்தாளர்களின் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். இணையத்தில் சும்மா கிடைக்கிறதே என்று புத்தகம் வாங்குவதையே நிறுத்திவிட்ட பள்ளிகளைப் பார்க்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டு ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். நூலகமும் என் பொறுப்பு. எங்களைப் போன்ற பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் இருப்பது அரிது. ஒரு ஆசிரியர் கையில் பீரோ சாவி, இருக்கிற புத்தகங்களைப் பதியும் ஸ்டாக் ரிஜிஸ்டர், யார் எதை எடுத்தார்கள் என்று குறிக்கும் இஷ்யூ நோட்டு மூன்றும் வந்து சேரும். பாடம் நடத்திய நேரம் போக மிச்சத்தில் நூலகம். அந்த மிச்ச நேரத்துக்கு இந்தத் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்டோரிவீவரை நடத்துவது பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ். 2004இல் தொடங்கிய, லாப நோக்கம் இல்லாத குழந்தைகள் பதிப்பகம். 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று இந்தத் தளத்தைத் திறந்தார்கள். இப்போது 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. சும்மா படித்துப் பார்க்கக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. போனில் திறந்து மொழியைத் தமிழ் என்று மாற்றினால் கதைகள் வரிசையாக வரும். பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், வேறு மொழிக்கு மாற்றலாம், அங்கே இருக்கும் படங்களை வைத்துப் புதுக் கதையும் எழுதலாம். பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. அதாவது எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் போட்டால் போதும், நகல் எடுப்பதற்கு யாரிடமும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒரு புத்தகத்தை வகுப்பு முழுவதற்கும் ஜெராக்ஸ் எடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு இந்தத் தளம் பொருந்திப் போனதற்குக் காரணம் மொழிதான். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. இன்னொரு பக்கம் வி.கோட்டா ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாடம் எல்லோருக்கும் தமிழில். உருது பேசும் வீட்டுப் பிள்ளை இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், அது படிப்பில் மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் அம்மா உருது மீடியத்தில் எட்டாவது வரை படித்தவராக இருப்பார். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினால் வீட்டில் உதவ முடியாது.

ஸ்டோரிவீவரில் ஒரே கதை, ஒரே படங்களோடு, தமிழிலும் உருதுவிலும் கிடைக்கிறது. எல்லாக் கதைகளுக்கும் இல்லை, தேடித்தான் எடுக்க வேண்டும். கிடைக்கிறவற்றை இரண்டு பிரதிகளாக எடுத்துக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். தமிழ்ப் பிரதி பிள்ளைக்கு, உருதுப் பிரதி அம்மாவுக்கு. ஷூ கம்பெனி வேலை முடிந்து வருகிற அம்மா ஒரு படக்கதையைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட பத்து நிமிஷம் போதும். கதை என்ன என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை மறுநாள் தமிழில் படிக்கும்போது அடுத்த வரி என்ன வரும் என்று தெரிந்து படிக்கிறது. தடுமாற்றம் குறைவதை நான் பார்த்தேன். ஒரு அம்மா பள்ளிக்கு வந்து, "இன்னொரு கதை இருக்குதாங்க மிஸ்?" என்று கேட்டார். அதுவரை கூட்டத்துக்குக் கூப்பிட்டால்கூட வாசலோடு நின்று போகிறவர் அவர்.

தெலுங்கில் இவ்வளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் படித்தவர்கள். பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். தெலுங்குப் பிரதியைக் கொடுத்தால் படிக்க ஆள் இல்லை. ஆந்திரப் பக்கம் கொஞ்ச காலம் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் அது கைகொடுத்தது. உங்கள் பள்ளியில் எந்த மொழி வீட்டில் பேசப்படுகிறது என்பதோடு, யார் எந்த எழுத்தைப் படிப்பார்கள் என்றும் கேட்டுக்கொண்டு அச்செடுங்கள்.

அச்செடுப்பது பற்றி. இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் பக்கம் 10 ரூபாய். பக்கத்துக்கு ஒன்றாக அடித்தால் 16 பக்கக் கதை ஒன்றுக்கு 160 ரூபாய் ஆகிவிடும். அந்தக் காசுக்குப் பிரதம் புக்ஸின் அச்சுப் புத்தகத்தையே வாங்கிவிடலாம், அவை விலை மலிவு. அதனால் நான் செய்வது இது. பெரும்பாலான கதைகள் அகலவாக்கில் இருக்கும். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று கருப்பு வெள்ளையில் அடிக்கச் சொல்வேன். நடுவில் வெட்டி, வரிசைப்படுத்தி, இடது ஓரத்தில் இரண்டு பின் அடித்தால் கையடக்கப் புத்தகம். உருது என்றால் வலது ஓரத்தில் பின் அடிக்க வேண்டும், வலமிருந்து இடமாகப் படிப்பதால். கடைக்காரருக்கு இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கருப்பு வெள்ளைப் பிரதி வீட்டுக்குப் போக. கலர் வேண்டுமென்றால் வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டுவிடலாம். படத்தைக் கலரில் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிரதிக்கு கலர் அடித்துக்கொண்டு வருகிறார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

பிடிஎஃப்பின் கடைசியில் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், உரிமம் பற்றிய பக்கங்கள் இருக்கும். தாள் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இலவசமாகக் கொடுத்தவர்கள் கேட்கிற ஒரே கூலி அந்தப் பெயர்தான்.

நிலைகள் பற்றி இனி. தளம் கதைகளை நான்காகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல். இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக உடைத்துப் போடுவதைத் தமிழில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிவிடுகிறோம். சொல் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு சொல்லின் நீளமும் கூடும். "பார்த்துக்கொண்டிருந்தபோது" என்று ஒன்று வந்தால் ஏழு வயதுப் பிள்ளை அதன் நடுவிலேயே மூச்சு வாங்கி நிற்கிறது. அதனால் நான் நிலை எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதல் மூன்று பக்கங்களை ஒரு சராசரிப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பேன். முதல் நிலை என்று போட்டிருக்கும் சில கதைகளை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளியிருக்கிறேன். மூன்றாம் நிலையில் இருந்த ஒரு கதையை ஒன்றாம் வகுப்புக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியும் இருக்கிறேன்.

ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை முடி வெட்டிக்கொள்ளும் ஒருவரைப் பற்றிய கதை ஒன்று அங்கே உண்டு. அன்றைக்குப் பார்த்து யாருக்கும் அவருக்கு முடி வெட்ட நேரமில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டு, கடைசியில் காட்டுக்குப் போகிறார். ஒரு புலி வருகிறது. "அய்யோ, புலி இன்னா மிஸ் பண்ணும்?" என்று முன்பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். நான் பதில் சொல்லவில்லை, பக்கத்தைத் திருப்பினேன். இந்த மாதிரிக் கதைகளின் பலம் அதுதான். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகிற அமைப்பு இருப்பதால், படிக்கத் தெரியாத பிள்ளையும் இரண்டாவது ஆளுக்குள் அந்த வரியைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும். வாய்விட்டுச் சேர்ந்து சொல்கிற வரி இருக்கிற கதையாகப் பார்த்து எடுங்கள் என்பதுதான் சின்ன வகுப்புகளுக்கு நான் சொல்லும் யோசனை.

மொழிபெயர்ப்பு ஒரே தரமாக இருக்காது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்று திறந்துவிட்ட இடத்தில் அப்படித்தான் இருக்க முடியும். சில கதைகளில் தமிழ் தானாக ஓடுகிறது, பாட்டி உட்கார்ந்து சொல்வது போல. சில கதைகளில் வாக்கியம் எங்கிருந்தோ வந்து இறங்கியது போல விறைப்பாக நிற்கிறது. ஒரே கதைக்கு இரண்டு மூன்று தமிழ் வடிவம் கூடக் கிடைக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுவேன். வாய் இடறுகிற இடத்தில் பிள்ளைக்கும் இடறும். பிடித்த மொழிபெயர்ப்பாளரின் பெயரை அழுத்தினால் அவர் செய்த மற்ற கதைகள் வரும். அப்படிச் சில பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். தேடுகிற நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. உரிமம் அனுமதிப்பதால், விறைப்பான வாக்கியத்தைத் திருத்தி நம் பிரதியாக எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். திருத்தினேன் என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. கதை படித்து முடித்ததும் பிள்ளைகள் ஒரு நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கதையின் பெயர், எழுதியவர், வரைந்தவர். கருத்து எழுதச் சொல்வதில்லை. கருத்து எழுதச் சொன்னால் எல்லோரும் "இக்கதை மிகவும் நன்றாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயர் எழுதச் சொன்னதில் வேறொன்று நடந்தது. நான்காம் வகுப்பில் ஒருவன் ஒரே ஓவியரின் பெயரை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டு வந்தான். அவர் வரைந்த மாடுகள் அவனுக்குப் பிடித்துவிட்டன. வீட்டில் மாடு இருக்கிறது. "இவங்க வரைஞ்சது வேற இருக்குதா மிஸ்?" என்று தேடி வாங்குகிறான். கதையைத் தேடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓவியரைத் தேடி வந்த பிள்ளையை இந்தத் தளம் வந்த பிறகுதான் பார்க்கிறேன்.

அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "இவங்கெல்லாம் உயிரோட இருக்காங்களா மிஸ்?" எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பாடப்புத்தகத்தில் கவிஞர் என்று வந்தால் பெரும்பாலும் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு இரண்டும் சேர்ந்தே வரும். எழுத்தாளர் என்றாலே இறந்து போனவர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்காக எழுதுவதையே வேலையாக வைத்துக்கொண்ட ஆட்கள் பேருந்தில் போய்வருகிற தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நான் வந்தவாசியைச் சொன்னேன். குழந்தைகள் இலக்கியத்துக்காக சாகித்திய அகாதெமி 2010 முதல் ஒவ்வொரு மொழிக்கும் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்து வருகிறது. 2021இல் தமிழுக்கு அதைப் பெற்ற மு. முருகேஷ் வந்தவாசியில் வாழ்கிறவர். 1989 வரைக்கும் வந்தவாசியும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான். வேலூரில் ஏறி, ஆற்காடு, செய்யாறு வழியாகப் போய்விடலாம். பெண்களுக்கு நம்ப முடியவில்லை. "பஸ்ஸிலயேவா?" என்றாள் ஒருத்தி. அந்த வாரம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பீரோவில் இருந்த புத்தகங்களின் பின் அட்டையைத் திருப்பித் திருப்பி எழுதியவர் எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோரிவீவரின் போதாமை எனக்குத் தெளிவானது அந்தப் பெண்களால்தான். அது படக்கதைகளுக்கான இடம். நான்காம் நிலைக் கதைகூட ஒரு பாட வேளைக்குள் முடிந்துவிடும். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இரண்டு மூன்று நாள் கூடவே வைத்துக்கொண்டு படிக்கிற, பாதியில் நிறுத்தினால் சாப்பாட்டு நேரத்தில் ஞாபகம் வருகிற நாவல் வேண்டும். அவள் வயதுக் கவலைகள் அதில் இருக்க வேண்டும். வீட்டில் கேட்க முடியாததை அது பேச வேண்டும்.

தமிழில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. 1950இல் அழ. வள்ளியப்பா போன்றவர்கள் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்த காலம் முதலே தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுவோர் கூட்டம் உண்டு. இன்றைக்கும் உண்டு. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஒரு சிறுமிக்கு நேரும் தவறான தொடுதலைப் பற்றிப் பேசுகிற நாவல். மரப்பாச்சிப் பொம்மை அவளோடு பேசுகிறது. இதே விஷயத்தை நான் கரும்பலகை முன்னால் நின்று சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தப் புத்தகம் எங்கள் இஷ்யூ நோட்டில் கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருத்தி திருப்பிக் கொடுக்கும்போது இன்னொருத்தி பக்கத்திலேயே நிற்பாள். இதைப் போன்ற ஒன்றை எந்த இலவசத் தளத்திலும் நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஓர் எழுத்தாளர் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதியதை வாங்கிப் படித்தால்தான் அவர் அடுத்ததை எழுத முடியும்.

"சரி, பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு, பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூலக நிதி உண்டு. தொடக்கப் பள்ளியா, மேல்நிலைப் பள்ளியா என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை என்று வகுத்திருக்கிறார்கள். தமிழ்ச் சிறார் நாவல்கள் பல 100, 150 ரூபாய் விலையில் கிடைக்கின்றன. குறைந்தபட்ச நிதியிலேயே முப்பது நல்ல புத்தகங்கள் வாங்கிவிடலாம். பணத்தை விட, அதை எதற்குச் செலவழிக்கிறோம் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பொறுப்பு ஏற்பதற்கு முன் ஒரு விற்பனையாளர் நூலக நிதிக்கு என்று கட்டாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். பீரோவைத் திறந்தால் ஒரே அளவு, ஒரே பளபள அட்டை. பொது அறிவுக் களஞ்சியம், தலைவர்கள் வரலாறு, பொன்மொழிகள், கட்டுரைகள், ஆங்கில இலக்கணம். புரட்டிப் பார்த்தால் எந்தப் புத்தகத்திலும் எழுதியவர் பெயர் இல்லை. ஆசிரியர் குழு என்று ஒரு வரி. இரண்டு தலைவர்களின் வரலாற்றில் பிள்ளைப் பருவம் பற்றிய பத்தி வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தது, பெயர் மட்டும் வேறு. இஷ்யூ நோட்டில் அந்தப் புத்தகங்கள் ஏறவே இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் மட்டும் பத்திரமாக இருந்தன. தணிக்கைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்கிற நிலையில் அந்தக் கட்டு யாருக்கும் உறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று மட்டும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், இந்தியாவுக்கு நூலக அறிவியலையே கற்றுக்கொடுத்தவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அந்தக் கட்டில் இருந்த எதற்கும் எங்கள் பள்ளியில் வாசகர் இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்து நூலகத்துக்கு வந்தவர் அவர். நம்மைப் போல வேறு பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்த ஐந்து விதிகளே போதுமான பயிற்சி என்று நினைக்கிறேன்.

அரசு அனுப்புகிறவற்றையும் இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் இருக்கின்றன. தமிழிலேயே எழுதப்பட்டவை என்பதால் வாக்கியம் இடறாது. ஸ்டோரிவீவரின் இரண்டாம் நிலையில் திணறுகிற பிள்ளைக்கு முதலில் 'நுழை', 'நட' கொடுத்து, பிறகு திரும்ப வரச் சொல்வேன். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' இதழ்கள் 2022 முதல் வருகின்றன. இவற்றைப் பீரோவில் அடுக்காமல் மேஜையில் விரித்துப் போடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் வருகிற மாத இதழ். அதற்கு சந்தா கட்டுவது நல்ல செலவு, குறிப்பாகக் கதை பிடிக்காத பையன்களுக்கு.

ஸ்டோரிவீவரில் எனக்கு மிகவும் பிடித்த வசதியை இன்னும் சொல்லவில்லை. படங்களை எடுத்து நாமே கதை எழுதலாம். ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கதையின் படங்களை மட்டும் போர்டில் போட்டு, எழுத்தை மறைத்துவிட்டேன். ஒரு குழு எழுதிய கதையில் அம்மா பீடி சுற்றிக்கொண்டே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இன்னொன்றில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்தில் தம்பி தொலைந்து போகிறான். படத்தில் இருந்ததோ ஏதோ ஒரு ஊர்ச் சந்தை. அவர்கள் கண்ணுக்கு அது குடியாத்தத்துக் கௌண்டன்ய ஆற்றங்கரை. தட்டச்சு செய்தது நான், தளத்தில் தொடங்கிய கணக்கும் என்னுடையது. பிள்ளைகளின் முழுப் பெயரையும் பள்ளியின் பெயரையும் இணையத்தில் போடாமல், அச்சுப் பிரதியில் மட்டும் பெரிய எழுத்தில் போட்டேன். அந்தப் பிரதிகளுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் கொடுத்து, முத்திரை குத்தி, பீரோவில் மற்ற எழுத்தாளர்களின் புத்தகங்களோடு வைத்தாயிற்று. இஷ்யூ நோட்டில் அவை நன்றாகவே ஏறுகின்றன. நான்காம் வகுப்புத் தம்பி தங்கைகள்தான் முதல் வாசகர்கள்.

நெட் இல்லாத நாளைக்கு என்று பத்து, பதினைந்து கதைகளை முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். அச்சுப் பிரதி கையில் இருந்தால் அந்த வகுப்பும் நடக்கும்.

புத்தகம் வாங்கும்போது இவ்வளவு செய்யுங்கள். கட்டாக வாங்காதீர்கள், பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும். எழுதியவர் பெயர் அட்டையில் இல்லாத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் எழுத்தாளர்களின் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டால் தொடங்குவதற்கு அது போதும். 2025இல் பெற்ற விஷ்ணுபுரம் சரவணன் வரை வருகிறது. பிறகு பிள்ளைகள் கேட்பதைச் சேருங்கள். நாவல் என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்குங்கள், பெரிய வகுப்புப் பெண்கள் ஜோடியாகத்தான் படிக்கிறார்கள். பில்லில் ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி வரியில் வர வேண்டும் என்று கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறார் நூல்கள், மொத்தம் என்று ஒரே வரியில் பில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள்.